இஞ்சின் பின்னாடி கீது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கார் என் கடையை விட்டு வெளியே போனது. ஷட்டருக்கு மேலே 'நாகவல்லி டைலர்ஸ்' என்ற போர்டு இன்னும் இருப்பதால்தான் அதை என் கடை என்கிறேன். மற்றபடி ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஒரு மிஷின் கிடையாது, ஒரு ஊசி கிடையாது. சிவப்புக் கலரில், தரையோடு தரையாக, இரண்டே இரண்டு சீட் வைத்த ஒரு பழைய வெளிநாட்டுக் கார்தான் இருக்கும். அதன் மேல் ஒரு போர்வை போர்த்தியிருக்கும். அந்தப் போர்வையும் என்னுடையதுதான்.

என் வீட்டுக்காரர் ஜெகதீசன் வாசலில் இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு, பின்பக்கமாகவே வண்டியைத் தெருவுக்கு இறக்கினார். அந்தக் காருக்கும் தரைக்கும் நடுவில் என் கை நுழையாது. அதனால் நான் தெருவில் குனிந்து நின்று அடி தட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு மாதமாக என் கடையை அடைத்துக்கொண்டிருந்த வண்டிக்கு நானே வழி சொல்லி அனுப்புகிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

"பலகை நவுருதுயா, நிறுத்து நிறுத்து!" என்று கத்தினேன்.

"கத்தாத வல்லி. அம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சிட்டு, அப்படியே பூந்தமல்லில கன்னியப்பன் கைல காட்டிட்டு வந்துட்றேன். மத்தியானத்துக்குள்ள ஊட்ல கீறேன்," என்றார். அவர் அம்மன் என்றால் மாங்காட்டு அம்மன். கன்னியப்பன் அந்தக் காரின் மெக்கானிக். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கார் தெருமுனை திரும்பியதும் நான் கடைக்குள் போனேன். சுவரில் இன்ச் டேப் மாட்டுகிற ஆணி அப்படியே இருந்தது. ஒரு மூலையில் என் வெட்டு மேசை, அதன் நடுவில் தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை. டியூப் லைட் எப்போதோ பீஸ் போய்விட்டது, காருக்கு எதற்கு லைட் என்று அவர் மாற்றவே இல்லை. இருந்தாலும் அறை காலியாக இருந்தது. முதல் மிஷினை எங்கே போடுவது, அயர்ன் பண்ணுகிற மேசையை எங்கே போடுவது என்று நடந்து நடந்து பார்த்தேன். மத்தியானம் அந்தச் சனியன் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்தேதான் பார்த்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியை வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஓட்டுகிறேன் என்று போன மனுஷன், இதை ஓட்டிக்கொண்டு வந்தார். நுங்கம்பாக்கத்தில் யாரோ ஒரு பையன் வெளிநாடு போகிற அவசரத்தில் விற்றானாம். சாதாரணப் புதுக் கார் விலைதானாம். அவ்வளவு சல்லிசாக ஒருத்தன் ஏன் தள்ளிவிடுகிறான் என்று இவர் யோசித்திருக்க வேண்டாமா? தக்காளி விலை குறைந்தாலே நான் நாலு தரம் அமுக்கிப் பார்க்கிறேன்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு உட்டா அள்ளிரலாம் வல்லி. சும்மா வண்டி இல்ல இது. இஞ்சின் பின்னாடி கீது," என்றார்.

இந்த வார்த்தையை அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் வழி கேட்டவனிடம்கூடச் சொன்னார். முன்மூடியைத் திறந்து காலிப் பெட்டியைக் காட்டுவார். பார்க்கிறவன் முழிப்பான். உடனே, "இஞ்சின் பின்னாடி கீது மாமே, சீட்டுக்குப் பின்னாடி, நடு சென்டர்ல," என்று சொல்லி மூக்கு விடைக்க நிற்பார். கம்பெனி போனதிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அப்படி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் என்னையும் உட்காரவைத்து மாங்காட்டுக்கு அழைத்துப் போனார். பொய் சொல்ல மாட்டேன், முதுகுக்குப் பின்னால் அந்த இஞ்சின் உறுமுகிறபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பெண் ஜோதிகா காலேஜ் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள், எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்தாள். மூன்று பேர் குடும்பத்துக்கு இரண்டு சீட் கார் வாங்குகிற மனுஷனை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? கோயில் வாசலில் அந்தப் பள்ளத்திலிருந்து புடவையோடு எழுந்து வெளியே வர நான் பட்ட பாட்டைப் பூக்காரி முதல் பிச்சைக்காரர் வரை நின்று பார்த்தார்கள்.

முதல் வாடகை அவருடைய பழைய கம்பெனி சிநேகிதரின் மகன் வெற்றிச்செல்வன் கல்யாணம். ஆவடியில் மண்டபம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். அங்கே போனபிறகுதான் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. இருப்பது இரண்டு சீட். ஸ்டியரிங்கை இவர் யாரிடமும் தர மாட்டார். அப்படியென்றால் மாப்பிள்ளை உட்காரலாம், பெண் எங்கே உட்காருவாள்? மாலையும் கழுத்துமாக நின்ற அந்தப் பெண்ணைப் பின்னால் வந்த சித்தப்பா காரில் ஏற்றினார்கள். தன் ஊர்வலத்தில் மாப்பிள்ளை, அப்பாவின் சிநேகிதரான என் வீட்டுக்காரரோடு ஜோடியாக உட்கார்ந்து போனான்.

அதையாவது சகித்துக்கொள்ளலாம். காருக்கு அலங்காரம் பண்ணின செல்வகுமார் இருக்கிறானே, நல்ல தொழில்காரன், பொறுப்பான பையன். கல்யாண ஊர்வலத்தில் கார் நடை வேகத்தில் போகும், இஞ்சின் சூடாகும், அதனால் இஞ்சின் மேல் பூ வைக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே முன்பக்கத்தில் ஒரு இதழ்கூட வைக்காமல் சுத்தமாக விட்டுவிட்டான். பின்பக்கம்தான் டிக்கியாயிற்றே என்று மூட்டை மூட்டையாகச் சாமந்தியைக் கொட்டி, காற்றுப் போகிற சல்லடை மேலெல்லாம் ரோஜா வலை போட்டு, பக்கவாட்டில் இருந்த இரண்டு ஓட்டையையும் தெர்மாகோல் இதயம் வெட்டி அழகாக அடைத்துவிட்டான்.

"இஞ்சின் மூச்சு உடணும்ல அண்ணாத்தே, அதான் முன்னாடி கை வெக்கல," என்று இவரிடமே சொல்லியிருக்கிறான்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பொண்ணு வீட்டுப் பையன்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பேண்டு செட் ஒவ்வொரு முனையிலும் நின்று வாசித்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடினார்கள். பறக்கிறதுக்குச் செய்த கார் கிளட்ச்சிலேயே ஊர்ந்து ஊர்ந்து போனது. முதலில் சாமந்தி வேகிற வாசனை வந்தது. கூட நடந்துபோன நான் மண்டபத்தில் சாம்பார் கொதிக்கிறது என்றே நினைத்தேன். பிறகு ரோஜா வலை வழியாகப் புகை வந்தது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையால் அந்தப் பள்ளத்திலிருந்து எழ முடியவில்லை. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள், மாலை அறுந்தது. அதற்குள் காருக்கு அடியில் கொதிக்கிற தண்ணீர் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வெற்றிச்செல்வனின் அம்மா நடுத்தெருவில் நின்று, "நல்ல நாள்ல என் புள்ளைய அவிச்சிட்டியேடா பாவி," என்று மண்ணை வாரித் தூற்றினாள். எல்லாரும் இவரைத்தான் திட்டினார்கள், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். செல்வகுமார் மட்டும் அவிந்த சாமந்தியை அள்ளி அப்புறப்படுத்தியபடி, "டிக்கி எப்டிணா எரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அதுவரை காரை ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டில் வாடகை கொடுத்து நிறுத்தியிருந்தார். ஓடாத வண்டிக்கு இடமில்லை என்று ஷெட்காரர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் இவர் என்னிடம் வந்தார். "பத்து நாள் வல்லி. தெருவுல உட்டா நாய் பிராண்டிடும். பத்தே நாள் உன் கடைய குடு." மூன்று மிஷினையும் மொட்டை மாடியில் தகரம் போட்ட அறைக்குத் தூக்கினோம். என்னோடு தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அந்த வெயிலில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் முட்டிவலிக்காரர்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க எந்த மகராசி இரண்டு மாடி ஏறுவாள்? தீபாவளி போனது, பொங்கல் போனது, பள்ளிக்கூடம் திறக்கிற யூனிஃபார்ம் சீசனும் போனது.

மெக்கானிக் கன்னியப்பன் வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், படுத்துப் பார்த்தார். "இஞ்சின இறக்கணும்" என்றார். வெடித்தது ஒரு முழம் ரப்பர் குழாய். ஆனால் சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இஞ்சினைத் திணித்து வைத்திருப்பதால் அந்தக் குழாயிடம் கை போகாதாம். கிளட்ச் தேய்ந்திருந்தது, அதற்கும் இஞ்சினை இறக்கணும். ஒரு பெல்ட்டை மாற்ற, மறுபடியும் இறக்கணும். சாமான் இங்கே கிடைக்காது, கப்பலில் வரணும். அது வருகிறவரை இறக்கிய இஞ்சினை எங்கே வைத்தார்கள் தெரியுமா? என் வெட்டு மேசை மேல். பட்டுத் துணி விரித்து நான் சாக்பீஸ் போடுகிற மேசை மேல் அது மூன்று மாதம் எண்ணெய் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த மூன்று மாதத்தில் எலி குடும்பம் குட்டியோடு வண்டிக்குள் குடிவந்து ஒயரையெல்லாம் கடித்துத் தின்றது. அதற்கும் பழி என் மேல்தான். என் வெட்டுத் துணி வாசனைக்குத்தான் எலி வந்ததாம். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு சைஸ், அதனால் ஒன்று போனாலும் இரண்டாக வாங்கணும். புதுச்சேரி நம்பர் வண்டி, அதனால் இங்கே மறுபடி வரி. செட்டில்மென்ட் பணம் கரைந்து, என் சீட்டுப் பணம் கரைந்து, கடைசியில் அவருடைய பைக்கும் போனது. கார் வைத்திருக்கிற மனுஷன் காய்கறி வாங்க நடந்து போனார். போன மாதம்தான் வண்டி ஒருவழியாக மறுபடி ஓட ஆரம்பித்தது, ஆனால் என் கடையைக் காலி பண்ணவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு காலிக் கடையில் நின்றபோதுதான் தெருவில் லாரிச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி ஓடிவந்தாள்.

"அக்கா, ரோடு போட வந்துட்டானுங்க! சுரண்டுற மிஷினே இல்லாம வந்துகீறானுங்க, வா!"

எங்கள் மாமனார் வேம்புலி இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறணும். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, படி மூன்றும் தாருக்குள் போய்விட்டது. இப்போது ஒரு சின்னச் சரிவுதான் மிச்சம். சாமுண்டீஸ்வரி வீடு எப்போதோ ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. போன மழையில் அவள் பீரோ மிதந்தது. சுரண்டாமல் போட்டால் ரோலர் முன்னால் படுத்துவிடுவேன் என்று போன வாரம் தெருக் கூட்டத்தில் நான்தான் சத்தம் போட்டிருந்தேன்.

வெளியே போகக் கால் வைத்தபோது அவர் போன் வந்தது.

"வல்லி, ரோடு போடுறானாமே? சுரண்டாம போட உட்றாத. ஒசந்துச்சுன்னா வண்டி உள்ள எறங்காது, மூக்கு தட்டிரும். அப்புறம் கேளு, மிச்ச தார் இருக்கும்ல, மேஸ்திரிக்கு டீ செலவுக்கு எதுனா குடுத்து நம்ம வாசலுக்கு நல்லா நீட்டா சரிவு போட்டு வாங்கிடு. பலகை வெக்கிற தொல்ல உட்டுச்சு. கன்னியப்பன் ஒரு சத்தம் வருதுன்னு பாத்துகினு கீறான், சாயங்காலம் ஆயிடும்."

"சரி, அது இருக்கட்டும். என் கடைய எப்பத் தருவ?"

"இன்னா கடை?" என்றார்.

வேணுமென்று கேட்கவில்லை. அதுதான் கொடுமை. நிஜமாகவே எந்தக் கடை என்று அவருக்கு ஒரு நொடி தெரியவில்லை. பிறகு, "ஓ, அதுவா, பாத்துக்கலாம், நீ ரோட்டப் பாரு," என்று வைத்துவிட்டார். பதினேழு வருஷமாக நான் அந்த அறையில் உட்கார்ந்து தைத்திருக்கிறேன். கம்பெனி மூடி இவர் வீட்டில் உட்கார்ந்த எட்டு மாதமும் அடுப்பு எரிந்தது அந்த அறையினால்தான்.

அந்தக் கோபம் முழுவதும் ரோலர்காரன் மேல் இறங்கியது. நடுத்தெருவில் போய் நின்றேன். என் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். மேஸ்திரி தங்கவேல் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு யாருக்கோ போன் போட்டார். "சுரண்டிட்டுப் போடு. இல்லன்னா தார இங்கயே ஆற வெச்சு அள்ளிகினு போ," என்றேன். லாரியில் கொதிக்கிற தார்க் கலவை ஆறினால் வீண் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த தெருவில் நின்ற சுரண்டுகிற மிஷினை மத்தியானத்துக்குள் கொண்டுவந்தார்கள். பழைய ரோடு பாளம் பாளமாகப் பெயர்ந்தபோது சாமுண்டீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

புது ரோடு உருட்டி முடிக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வழக்கம்போல மிச்சத் தாருக்கு ஆளாளுக்கு மேஸ்திரியைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கேட்டுக்குச் சரிவு போடு, ஸ்கூட்டி ஏறணும், ஆட்டோ ஏறணும் என்று ஒரே கூச்சல். தங்கவேல் எல்லாரையும் விலக்கிவிட்டு என்னிடம் வந்தார். காலையில் நான் பேசிய பேச்சில் மனுஷன் மிரண்டு போயிருந்தார்.

"உனுக்கு இன்னாமா வோணும்? சரிவு தானே?"

"கரை," என்றேன்.

"இன்னாது?"

"ஷட்டருக்கு முன்னாடி, இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுரு வரைக்கும் ஒரு கரை. ஒரு சாண் ஒசரம். கெட்டியா அடிச்சுக் குடு. மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது."

"எல்லாரும் வண்டி ஏற சரிவு கேப்பாங்க, நீ இன்னாமா கரை கேக்குற? அப்புறம் வண்டி எப்டி உள்ள போவும்?"

"எந்த வண்டி? போர்டப் பாருங்க. இது டைலர் கடை."

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்வெட்டிக்காரனைக் கூப்பிட்டார். ஆவி பறக்கிற தாரை அள்ளிக் கொட்டி, இரும்புத் திம்மிசால் குத்திக் குத்திக் கரை கட்டினார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒரு இடத்தில் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. இன்னும் ஒரு சட்டி போடச் சொன்னேன்.

அவர்கள் லாரி கிளம்பியதும் மாடிக்குப் போனேன். ஜோதிகா படித்துக்கொண்டிருந்தாள். "புக்க வை. ஒரு பக்கம் புடி," என்றேன். அவள் எழுந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் முதல் மிஷினைத் தலைகீழாகப் போட்டுவிடாமல் படிப்படியாக இறக்கினோம். கரையைத் தாண்டும்போது கீழே இன்னும் சூடு அடித்தது. வாசலைப் பார்த்த மாதிரி மிஷினைப் போட்டேன். எண்ணெய்க் கறை பட்ட வெட்டு மேசை மேல் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்தேன். ஜோதிகா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் காரின் சத்தம் கார் வருவதற்கு முன்னால் வந்துவிடும். தெருமுனையில் உறுமல் கேட்டது. புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல மூக்கைக் கடைப் பக்கம் திருப்பி, கரைக்கு முன்னால் நின்றது. அதன் லைட்டுகள் மூடிக்குள்ளிருந்து எழும்பி வருகிற மாதிரி செய்தவை. ஒன்று எப்போதோ மாட்டிக்கொண்டுவிட்டது, அதற்கும் இஞ்சினை இறக்கணுமா என்று நான் கேட்கவில்லை. ஒரு கண் மட்டும் மெல்ல எழும்பித் திறந்தது. வெளிச்சம் கரைக்கு மேலாக வந்து நேராக மிஷின் மேல் விழுந்தது. அவர் இறங்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நெற்றியில் வைத்த குங்குமம் மட்டும் தெரிந்தது. தாரிலிருந்து எழுந்த ஆவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, நூல் நுனியை வாயில் ஈரம் பண்ணி, அந்த வெளிச்சத்தில் ஊசியில் கோத்தேன்.